ஏழாவது பாட்டின் தாள்

என் தங்கையின் முதல் ஆல்பம் வெளிவந்த வெள்ளிக்கிழமை காலையில், நான் கடையில் ஒருவருக்கு வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின் என்று இருக்கிற சின்னக் கடை. போனில் லிங்க் வந்தது. கூடவே ஒரே வரி: "வந்துருச்சுண்ணா." திறந்து பார்த்தேன். பதினோரு பாட்டு. பதினொன்றும் பிரெஞ்சு. பேச்சுக்குக்கூட ஒரு தமிழ் வார்த்தை எதிலும் இல்லை.

விண்ணப்பத்துக்கு வந்தவர் காதைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். "கொரலு நல்லாத்தான் இருக்குது. என்னா பாஷைங்க?" என்றார். சொன்னேன். "ஏங்க, ஒரு பாட்டாச்சும் நம்ம பாஷையில பாடியிருக்கலாமில்ல?" என்றார். அவர் தப்பாக எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவருடைய ரேஷன் கார்டு நம்பரை நான் இரண்டு முறை தப்பாக அடித்தேன்.

அதற்குப் பிறகு பார்க்கிறவர்கள் எல்லாம் அதையே கேட்டார்கள். டீக்கடையில் கேட்டார்கள், பால் சொசைட்டியில் கேட்டார்கள், சித்தேரி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் ரோட்டைத் தாண்டி வந்து கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதிலை வைத்திருந்தேன். "அங்க கேக்கறவங்க அவங்கதானுங்களே. மார்க்கெட் அப்பிடி." நாலைந்து நாளில் அது எனக்குச் சரளமாக வந்துவிட்டது. மார்க்கெட்டைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அவள் தமிழில் பாடாததற்குக் காரணம் நான். அது எனக்கும் அவளுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் ஆம்பளை என்று இருந்தது நான் ஒருவன்தான். இருபத்தைந்து வயதில் அந்தப் பதவி கிடைத்தால் தலைக்கு ஏறிவிடும். எனக்கு ஏறியது. தங்கைக்கு அப்போது பத்தொன்பது, சேலத்தில் காலேஜ். விடுமுறைக்கு வந்தால் காட்டில் மரவள்ளிக் குச்சி நடும்போதும் பாட்டு, துணி அலசும்போதும் பாட்டு. எங்கள் ஊரில் ஒரு தெருவில் தெலுங்கு பேசுவார்கள், ஊர்க்கோடியில் கன்னடம் பேசுவார்கள். அவள் மூன்றிலும் பாடுவாள். "இவ வாய மூடுனா வூடு வூடாட்டமே இருக்காது" என்று அம்மா சொல்லும். குறையாக இல்லை, பெருமையாகத்தான்.

சொந்தக்காரர் வீட்டுக் குழந்தைக்குக் காது குத்து. மண்டபத்தில் மத்தியான விருந்து. மேடையில் ஆர்கெஸ்ட்ரா வைத்திருந்தார்கள். அவர்களுடைய பாடகி வர வேண்டிய பஸ் வரவில்லை. ஆண் பாடகர் ஒருவரே இரண்டு குரலிலும் பாடிச் சமாளித்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருக்காரர் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள், இந்தப் பொண்ணு நல்லாப் பாடுமென்று. நான் திரும்பிப் பார்க்கும்போது அவள் மேடையில் இருந்தாள்.

எனக்கு அப்போது பெண் பார்த்து முடிந்து, நிச்சயத்துக்கு நாள் குறித்திருந்தது. பெண் வீட்டார் அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். சேலத்தில் படித்துக்கொண்டிருந்த தங்கையை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. நான் பாயச வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்தேன். முதல் பாட்டு முடிந்து மண்டபமே கை தட்டியது. இரண்டாவது பாட்டு பாதி ஓடும்போது, பெண்ணின் தாய்மாமா இலையிலிருந்து தலையைத் தூக்கி என்னிடம் கேட்டார். "அந்தப் பொண்ணு எந்த ஊருங்க?"

அவ்வளவுதான் கேட்டார். அவளை ஆர்கெஸ்ட்ராவோடு ஊர் ஊராகப் போகிற பெண் என்று நினைத்துவிட்டார் என்று எனக்குப் பட்டது. என் தங்கைதான் என்று சொல்ல நாக்கு வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் என்னை அறுப்பது அதுதான். "தெரியலீங்க" என்று சொன்னேன். சொல்லிவிட்டு மேடைப் பக்கம் நடந்தேன். வாளியைக் கீழே வைத்தேன். மைக் ஒயரைப் பிடுங்கினேன்.

மைக் செத்தது தெரியாமல் அவள் இன்னும் ஒரு வரி பாடினாள். வெறும் தொண்டையில் அந்த வரி முன்வரிசைக்கு மட்டும் கேட்டிருக்கும். பிறகு என் பக்கம் பார்த்தாள். ஒயர் என் கையில் இருந்தது. கரண்ட் பிரச்சனை என்று யாரோ சொன்னார்கள். அவள் இறங்கி வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் அவளை எங்கள் காட்டோரத்து முனியப்பன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முனியப்பன் முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் எங்கள் பக்கம் அது பத்திரப் பதிவை விடக் கெட்டி. வாய்க்கால் சண்டை, வரப்புச் சண்டை எல்லாம் அங்கே போய்த்தான் முடியும். பொய்ச் சத்தியம் செய்தவர் கதி பற்றி ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள்.

"இனிமே தமிழ்ல பாட மாட்டேன்னு சொல்லு" என்றேன்.

"சரி" என்றாள். அவ்வளவு சீக்கிரம் சொன்னது எனக்குச் சந்தேகமாக இருந்தது. அன்றைக்கே எனக்கு விண்ணப்பம் நிரப்புகிறவன் புத்தி. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது.

"தெலுங்கும் கூடாது. கன்னடமும் கூடாது. நம்ம சனத்துக்குப் புரியற எந்தப் பாஷையிலயும் பாட மாட்டேன்னு சொல்லு."

அவள் அதை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். சூடத்தை அணைத்தாள். உள்ளங்கையைத் திருப்பி, கரியை எனக்குக் காட்டினாள். அழவில்லை. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றேன். அதற்கும் தலையாட்டினாள்.

பாடவே கூடாது என்று ஏன் கேட்கவில்லை என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். நான் அவ்வளவு கொடுமைக்காரன் இல்லை என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஒரு சந்து வேண்டியிருந்தது போல. ஊர் வாயில் விழாமல் இருந்தால் சரி, என் நிச்சயம் நடந்தால் சரி. நடந்தது.

கல்யாணமாகி மூன்று வருடம் கழித்து ஒருநாள், கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி பேச்சுவாக்கில் சொன்னாள். "அந்தக் காது குத்துல உங்க தங்கச்சி பாடுச்சே, எங்க மாமா அன்னிக்கு வூட்டுக்கு வந்தும் அதையேதான் பேசிட்டிருந்தாரு. அப்ப உங்க தங்கச்சின்னு தெரியாதில்ல, எந்தூருன்னு தெரிஞ்சா எங்கூருப் பண்டிகைக்குக் கூப்புட்டிருப்பேன்னாரு. ஆமா, பாதியில என்னா, கரண்டு போயிருச்சா?"

"ஆமா" என்றேன். உரித்த பருப்பைத் தோலோடு சேர்த்துப் போட்டுவிட்டேன் என்று அவள் திட்டினாள்.

அதற்குள் தங்கை கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போய்விட்டிருந்தாள். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ள குடும்பத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை நல்லவர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தூரத்து வரன் என்றதும் நான் சந்தோஷப்பட்டேன், அதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே போய் பாஷை கற்றுக்கொண்டாள். ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. படுத்த படுக்கையாக இருந்த கிழவி ஒருத்திக்கு, அந்தக் கிழவி சொல்லிக்கொடுத்த பாட்டையே பாடிக் காட்டியிருக்கிறாள். இல்லத்தில் இருந்த மற்றவர்களும் கேட்டார்கள். பிறகு ஊரில் ஒரு விழா, பிறகு ஒரு குழு, பிறகு அவளே எழுத ஆரம்பித்தாள். இப்போது அவளைப் பாப் பாடகி என்கிறார்கள். சத்தியம் செய்ததிலிருந்து இந்தப் பன்னிரண்டு வருடமும் அவள் வாயில் வந்த பாட்டில் எங்கள் சனத்துக்குப் புரிகிற வார்த்தை ஒன்றுகூட வரவில்லை.

அம்மாவிடம் வாரம் தவறாமல் பேசுவாள். ஆடிப் பதினெட்டு, பொங்கல், அப்பா நினைவு நாள் என்று எது வந்தாலும் அம்மா கேட்கும். "ஒரு பாட்டு பாடு கண்ணு." ஒவ்வொரு முறையும் அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கும். "அந்தூர்ல வருஷம் பூராப் பனி போல" என்று அம்மா எங்களிடம் சொல்லும். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன். செய்தித்தாளைத் திருப்பிக்கொண்டிருப்பேன்.

ஆல்பம் வந்த மறுவாரம் உள்ளூர் நிருபர் ஒருவர் கடைக்கு வந்தார். செய்தி போட வேண்டும், பாட்டுக்கெல்லாம் அர்த்தம் வேண்டும் என்றார். கம்ப்யூட்டரில் மொழிபெயர்த்து அச்செடுத்துத் தருகிறேன் என்றேன். அவள் வரிகளை இணையத்தில் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாக எடுத்து, பாட்டு எண் போட்டுத் தாளுக்கு ஒன்றாக ஒட்டினேன். மூன்றாம் மாடிக் கிழவி ஒருத்தி செருப்பை மறந்துவிட்டு ரயிலேறப் போனது ஒரு பாட்டு. மழையில் காயாத துணி ஒரு பாட்டு. லிப்ட் கதவில் மாட்டிக்கொண்ட துப்பட்டா ஒன்று. மெஷின் தமிழிலும் சிரிப்பு வந்தது.

ஏழாவதை ஒட்டினேன். முதல் வரி இப்படி வந்தது: "பெரிய கூடம். வாழை இலைகள். சூடான சாதத்தின் நீராவி."

படித்தேன். கடைசி வரியை ஒருமுறைக்கு மேல் படிக்கவில்லை. பிரிண்டர் அதையும் மற்றவற்றோடு துப்பியது. அந்தத் தாளை மட்டும் உருவி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நிருபருக்குப் பத்துத் தாள் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்கவில்லை. அம்மாவுக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று மனைவி சொன்னதால், அதே பத்தை வீட்டுக்கும் கொண்டு போனேன். அந்த ஏழாவது தாள் மட்டும் தினமும் ஒரு சட்டையிலிருந்து இன்னொரு சட்டைக்கு மாறிக்கொண்டிருந்தது.

செய்தி வந்தது. நல்லபடியாகத்தான் எழுதியிருந்தார். கடைசியில் மட்டும், பதினோரு பாட்டில் ஒன்றுகூடத் தாய்மொழியில் இல்லையே என்று ஊர் மக்கள் வருத்தப்படுவதாக ஒரு வரி. அந்த ஒரு வரியைத்தான் எல்லோரும் படித்தார்கள். பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் அம்மாவிடம் நேராகவே கேட்டார்கள், உம் பொண்ணுக்கு நம்ம பாஷை கேவலமாப் போச்சான்னு. அம்மா வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் போனைப் போடச் சொன்னது. நான்தான் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"ஊரே காறித் துப்புது. உங்கப்பன் பேசுன பாஷை உனக்கு நாறுதா? அங்க போயி வெள்ளக்காரிக்கெல்லாம் பாடுற, பெத்தவ கேட்டா தொண்ட கட்டிக்குதா?"

ஒரே ஒரு வார்த்தை போதும் தங்கைக்கு. அண்ணனைக் கேளும்மா என்று சொன்னால் முடிந்தது. நான் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன், சொல்லிவிடுவாளோ என்று. சொல்லக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். "அப்பிடியெல்லாம் இல்லம்மா. வேலைக்கு நேரமாச்சு, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அம்மா அவள் போனை எடுக்கவில்லை. முதல் ஞாயிறு எடுக்கவில்லை, இரண்டாவது ஞாயிறும் எடுக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு போன் அடிக்க அடிக்க அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

முனியப்பன் கோயில் பூசாரி, பூசை இல்லாத நாளில் மஞ்சள் காட்டுக்குத் தண்ணி கட்டிக்கொண்டிருப்பார். வரப்பிலேயே நின்று கேட்டேன், செய்த சத்தியத்தை அவிழ்க்க வழி இருக்கிறதா என்று.

"குடுத்தவங்களால அவுக்க முடியாது தம்பி. வாங்குனவன்தான் அவுக்கணும். வூட்டுல மூத்தவங்கள நிக்க வெச்சு, எதுக்கு வாங்குனேன்னு அவங்க காதுல விழறாப்பல சொல்லிட்டு, நீயே உங்கையால சூடத்த அணைக்கணும்."

"அந்தச் சொல்றத மட்டும் விட்டுட முடியுங்களா?"

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அது இல்லன்னா அப்பறம் என்னாத்துக்கு தம்பி? கையச் சுட்டுக்கறதுக்கா?"

அடுத்த ஞாயிறு காலை பதினோரு மணிக்கு அம்மாவைப் பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன். வேண்டுதல் என்று மட்டும் சொன்னேன். மனைவி பின்னாலேயே ஸ்கூட்டியில் வந்தாள். அவளிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன். கேட்டுவிட்டு, "எங்க மாமா மேல பழியப் போட்டீங்களா இத்தன நாளா?" என்று மட்டும் கேட்டாள். பூசாரி சூடத்தை ஏற்றியதும் மனைவி தங்கைக்கு வீடியோ கால் போட்டாள். அங்கே ஏழரை மணி. தங்கை சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். முனியப்பனைப் பார்த்ததும் கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தாள்.

நான் சொன்னேன். பெண் வீட்டார் பந்தியில் இருந்தது, மாமா கேட்டது, தெரியலீங்க என்று நான் சொன்னது, ஒயரைப் பிடுங்கியது, மறுநாள் இதே இடத்தில் எந்தெந்தப் பாஷையைச் சேர்த்துச் சத்தியம் வாங்கினேன் என்பது. பன்னிரண்டு வருடம் மறைத்ததைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எம் பவுசுக்காக வாங்குனேன், இப்ப விட்டுட்டேன் என்று சொல்லி, சூடத்தின் மேல் கையை வைத்தேன். சுட்டது. ஆனால் நான் எதிர்பார்த்த அளவுக்குச் சுடவில்லை.

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. மனைவி கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டது. "பாப்பா, அவுத்துட்டான். இனிப் பாடு கண்ணு" என்றது.

தங்கை வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"வரலம்மா" என்றாள். "அண்ணா, சத்தியத்துக்குப் பயந்துக்கிட்டு நான் பாடாம இல்ல. அதெல்லாம் எப்பவோ போயிருச்சு. குளிக்கறப்ப, தனியா நடக்கறப்ப, நானே எத்தனையோ வாட்டி தமிழ்ல ஆரம்பிச்சுப் பாத்தேன். வாயத் தொறந்தா ஒயரப் புடிச்சுட்டு நீ நிக்கறதுதான் தெரியுது. சூடம் அணைஞ்சா அது போயிருமாண்ணா?"

அவள் குற்றம் சாட்டுகிற மாதிரி கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள். பூசாரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மாதான் பேசியது. என்னிடம். "பதினோரு பாட்டுன்னு பேப்பர்ல போட்டிருந்தான். நீ பத்துக் காயிதந்தான் குடுத்த. ஏழு இல்ல. அது எங்க?"

புரியாத பாட்டு எனக்கெதுக்கு என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மா, அந்தத் தாள்களை எண்ணி வைத்திருக்கிறது. நான் சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். மடிப்பு விழுந்து, ஓரம் கிழிந்து, வியர்வையில் மை கலங்கியிருந்தது. அம்மா வாங்கிக்கொள்ளவில்லை.

"நீ படி. அவளுக்கும் கேக்கட்டும்."

படித்தேன். "பெரிய கூடம். வாழை இலைகள். சூடான சாதத்தின் நீராவி."

"கூடம் இல்லண்ணா, மண்டபம்" என்றாள் தங்கை போனிலிருந்து. "ஆவின்னு படி."

"மண்டபம். வாழை இலை. சோத்து ஆவி. நான் உயரத்தில் நிற்கிறேன். என் காலில் செருப்பு இல்லை. எல்லோரும் கை தட்டுகிறார்கள், என் சகோதரனைத் தவிர. அவன் கையில்..."

"சகோதரன் இல்ல."

"எங்கண்ணனத் தவிர" என்று படித்தேன். "அவன் கையில வாளி இருக்குது. எல்லாருக்கும் ஊத்திட்டு வர்றான். என்னப் பாக்கறான். என்னப் பாத்துக்கிட்டே வர்றான்."

அடுத்தது கடைசி வரி. நிறுத்திவிட்டேன். அம்மா மண்ணைப் பார்த்தபடி நின்றது. தங்கை தன் பாட்டைத் தமிழில் கேட்பது அதுதான் முதல் முறை. அதுவும் என் குரலில்.

"படிண்ணா" என்றாள். "பாதியில நிறுத்தாத."

படித்தேன்.

"வாளியக் கீழ வெச்சான். கை தட்டத்தான் வெக்கறான்னு நெனச்சேன்."